ஒரே கடன், வேறு வேறு நெஞ்சு: அமெரிக்காவில் கடன் சுமை கறுப்பினத்தவரின் இதயத்தை அதிகம் அழுத்துவது ஏன்?

அமெரிக்காவில் பட்டப்படிப்பை முடித்து வெளியே வரும் கறுப்பின மாணவருக்கு, அதே பட்டம் வாங்கிய வெள்ளையின மாணவரைவிடச் சராசரியாக 7,400 டாலர் கூடுதல் கல்விக் கடன் இருக்கிறது. சரி, வேலைக்குப் போனால் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடலாம், வித்தியாசமும் குறைந்துவிடும் என்றுதானே நினைப்போம்? நடப்பது தலைகீழ். நான்கே ஆண்டுகளில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 25,000 டாலராக வீங்கிவிடுகிறது. புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கணக்கு இது. நான்கு ஆண்டு முடிவில், வாங்கிய தொகையைவிட அதிகமாகக் கடன்பட்டு நிற்பவர்கள் கறுப்பினப் பட்டதாரிகளில் 48 சதவீதம். வெள்ளையினப் பட்டதாரிகளில் 17 சதவீதம்.

இதுவரை பணக் கணக்கு. இதே கணக்கை வேறொரு இடத்திலும் தேடுகிறார்கள் சமூகவியலாளர்களும் மருத்துவ ஆய்வாளர்களும். ரத்த அழுத்தக் கருவி காட்டும் எண்ணில், ரத்தப் பரிசோதனை முடிவில், தூங்கும் நேரத்தில், கடைசியாக மாரடைப்பு எண்ணிக்கையில். கடன் இதயத்தைப் பாதிக்கிறதா, பாதிக்கிறது என்றால் எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டாவது கேள்விக்குக் கிடைத்துவரும் பதில் அமெரிக்காவுக்குச் சங்கடமானது.

கடனுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

தவணை தேதி நெருங்கும்போது நெஞ்சு படபடக்கிறது என்று சொல்கிறோமே, அது வெறும் பேச்சு வழக்கு இல்லை. ஆபத்து வருகிறது என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின், கார்டிசோல் ஆகிய ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. துரத்தும் நாயிடமிருந்து ஓடித் தப்பிக்க உடல் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. நாய் போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கடன் அப்படிப் போவதில்லை. அது மாதாமாதம் வருகிறது. வசூல் ஏஜென்சியின் போன் அழைப்பாக, வங்கியின் குறுஞ்செய்தியாக, ராத்திரி இரண்டு மணிக்கு மனசுக்குள் ஓடும் கூட்டல் கழித்தலாக வருகிறது. இந்த எச்சரிக்கை நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் ரத்த அழுத்தம் கூடிய நிலையிலேயே தங்கிவிடலாம். உடலுக்குள் மெல்லிய அழற்சி தொடர்ந்து இருந்தால் ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு வளர வசதியாகிவிடும்.

2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று இந்தப் பாதையை ஸ்கேன் மூலமாகவே காட்டியது. 293 பேரிடம் செய்த அந்த ஆய்வில், பயத்தையும் மன அழுத்தத்தையும் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி அதிகச் செயல்பாட்டில் இருந்தவர்களுக்கு, எலும்பு மஜ்ஜையின் செயல்பாடும் ரத்தக் குழாய் அழற்சியும் அதிகமாக இருந்தன. பின்னாளில் இதய நோயும் அவர்களுக்கே அதிகம் வந்தது.

இன்னொரு பாதை நேரடியானது. கையில் காசு இல்லாதபோது முதலில் வெட்டுவது எதை? மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, டாக்டரிடம் போவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது, இரண்டாவது வேலைக்குப் போய்த் தூக்கத்தைக் குறைப்பது, காய்கறிக்குப் பதில் மலிவான துரித உணவு, டென்ஷனுக்கு ஒரு சிகரெட். அமெரிக்க இதய சங்கம் 2022-ல் வெளியிட்ட இதய நலனுக்கான எட்டு அம்சப் பட்டியலில் உணவு, உடற்பயிற்சி, புகையின்மை, தூக்கம், எடை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவை இருக்கின்றன. கடன் கைவைக்காத அம்சம் இதில் ஒன்றுகூட இல்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2013-ல் எலிசபெத் ஸ்வீட் தலைமையிலான குழு 24 முதல் 32 வயதுக்குட்பட்ட 8,400 அமெரிக்க இளைஞர்களின் தரவுகளை ஆராய்ந்தது. சொத்தை ஒப்பிடும்போது கடன் மிக அதிகமாக இருந்தவர்களிடம் மன அழுத்தமும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்தன. அதோடு டயஸ்டாலிக் ரத்த அழுத்தமும், அதாவது 120/80 என்று சொல்லும்போது கீழே வரும் எண்ணும், 1.3 சதவீதம் அதிகமாக இருந்தது.

அவ்வளவுதானா என்று தோன்றலாம். டயஸ்டாலிக் அழுத்தம் வெறும் 2 புள்ளி ஏறினாலே உயர் ரத்த அழுத்த நோய் வரும் ஆபத்து 17 சதவீதமும், பக்கவாத ஆபத்து 15 சதவீதமும் கூடுகிறது என்பதை அதே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். முப்பதையொட்டிய இளம் வயதினரிடம் தெரிந்த வித்தியாசம் இது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

2022-ல் ஆடம் லிப்பர்ட், ஜேசன் ஹவுல், கத்ரீனா வால்ஸ்மன் ஆகியோர் இதே தரவுத் தொகுப்பிலிருந்து 4,000-க்கும் மேற்பட்டவர்களை நடுவயதின் தொடக்கம் வரை பின்தொடர்ந்தார்கள். கல்விக் கடன் இல்லவே இல்லாதவர்கள், இருந்து அடைத்துவிட்டவர்கள், புதிதாக வாங்கியவர்கள், தொடர்ந்து கடனிலேயே இருப்பவர்கள் என நான்கு பிரிவு. கடைசி இரண்டு பிரிவினருக்கு, அடுத்த 30 ஆண்டுகளில் இதய நோய் வரும் ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண் அதிகமாக இருந்தது. கடனை அடைத்துவிட்டவர்களின் நிலை நன்றாகவே இருந்தது. கடன் வாங்கியதைவிட, அது போகாமல் தங்குவதுதான் ஆபத்தோடு அதிகம் ஒட்டியிருந்தது.

இந்த இடத்தில் புரூக்கிங்ஸ் கணக்கை மறுபடி ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நான்கு ஆண்டு கழித்தும் கடன் குறையாமல், ஏறிக்கொண்டே போவது யாருக்கு?

இதில் இனம் எங்கே வருகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். இந்த ஆய்வுகளில் இனம் என்பது மரபணு விவகாரம் இல்லை. எந்தத் தெருவில் வீடு கிடைக்கும், எந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும், அவசரத்துக்குக் கைமாற்று கேட்க யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் சமூக அடையாளம் அது.

அமெரிக்காவில் கறுப்பின வயதுவந்தோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. 2018 கணக்குப்படி, வெள்ளையினத்தவரைவிட இதய நோயால் இறக்கும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 30 சதவீதம் அதிகம். உப்பு, எடை, புகை என்று வழக்கமான காரணங்களை அடுக்கிய பிறகும் இந்த இடைவெளி முழுசாக விளங்கவில்லை. அதனால்தான் ஆய்வாளர்களின் பார்வை பர்ஸ் பக்கம் திரும்பியது.

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரப் பகுதியில் 2000-ம் ஆண்டு தொடங்கியது ஜாக்சன் இதய ஆய்வு. 5,300-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் இதில் பங்கேற்றார்கள். இவர்களில் 2,256 பேரின் தரவுகளை வைத்து 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. பண நெருக்கடியால் மன அழுத்தமே இல்லை என்றவர்களோடு ஒப்பிட்டால், மிதமானது முதல் கடுமையானது வரை அழுத்தம் இருப்பதாகச் சொன்னவர்களுக்கு இதயத் தமனி நோய் வந்த ஆபத்து இரண்டு மடங்குக்கும் அதிகம். வருமானம், கல்வி, மருத்துவ வசதி ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. மனச்சோர்வு, புகைப்பழக்கம், சர்க்கரை நோய் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது கொஞ்சம் குறைந்தது. அதாவது, பணக் கவலை இதயத்தை எட்டும் வழியில் இந்த மூன்றும் நடுவில் நிற்கும் படிகளாக இருக்கலாம்.

தூக்கத்திலும் இதே கதை. கத்ரீனா வால்ஸ்மன் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கல்விக் கடன் கூடக் கூட கறுப்பின இளைஞர்களின் தூக்க நேரம் குறைந்தது. வெள்ளையின இளைஞர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. தூக்கம் குறைவது ரத்த அழுத்தத்துக்கும் உடல் பருமனுக்கும் கதவைத் திறந்துவிடும் விஷயம்.

கடன்லயும் நல்லது கெட்டது இருக்கா?

இருக்கிறது. ஒரே தொகை ஒருவரை ஏற்றிவிடலாம், இன்னொருவரை இறக்கிவிடலாம். வீட்டுக் கடன் வாங்கியவர் தவணை கட்டக் கட்ட அவர் பெயரில் ஒரு சொத்து வளர்கிறது. அமெரிக்காவில் வெள்ளையினக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்கு சொந்த வீட்டில் வசிக்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் அது பாதிக்கும் கீழே.

மறுமுனையில் இருப்பது 'பே டே லோன்'. சம்பளம் வந்ததும் திருப்பித் தருகிறேன் என்று இரண்டு வாரத்துக்கு வாங்கும் கைக்கடன். நூறு டாலருக்கு 15 டாலர் கட்டணம் என்பது வழக்கமான ரேட். கேட்கச் சின்னதாகத்தான் தெரியும். ஆண்டுக்கு 26 இரு வாரங்கள், 26-ஐ 15-ஆல் பெருக்கினால் 390. ஆண்டு வட்டி கிட்டத்தட்ட 400 சதவீதம்! நம்ம ஊர் மீட்டர் வட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். இதில் சட்டப்படி கடை போட்டு, போர்டு மாட்டிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இந்தக் கடன்களில் 80 சதவீதம், 14 நாட்களுக்குள் புதுப்பிக்கப்படுகின்றன அல்லது அடுத்த கடனால் தொடரப்படுகின்றன என்று அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2014-ல் கண்டறிந்தது. பியூ ஆய்வு அமைப்பின் 2012 அறிக்கைப்படி ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி அமெரிக்கர்கள் இந்தக் கடனை வாங்கினார்கள். சராசரியாக 375 டாலர் கடனுக்கு அவர்கள் கட்டிய வட்டி 520 டாலர். இந்தக் கடையின் படியேறும் வாய்ப்பு, பிற இனத்தவரைவிடக் கறுப்பினத்தவருக்கு இரு மடங்கு.

உடல் இதை எப்படி எடுத்துக்கொள்கிறது? எலிசபெத் ஸ்வீட் குழு பாஸ்டன் நகரில் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய குறுகிய காலக் கடன் வாங்கியவர்களிடம் உடல் பருமன், பதற்றம், உடல் உபாதைகள் ஆகியவற்றோடு சி-ரியாக்டிவ் புரதமும் அதிகமாக இருந்தது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும், இதய ஆபத்தை மதிப்பிட டாக்டர்கள் பார்க்கும் குறியீடு அது.

கீழே மெத்தை இருக்கிறதா, தரை இருக்கிறதா?

கடன் எவ்வளவு என்பதோடு, விழுந்தால் தாங்க என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்க மத்திய வங்கியின் 2022 குடும்ப நிதிக் கணக்கெடுப்புப்படி, வெள்ளையினக் குடும்பம் ஒன்றின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். ஆறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

இருவருக்கும் 30,000 டாலர் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வேலை போனால் அப்பா அம்மா ஆறு மாதத் தவணையைக் கட்டுவார்கள், தாத்தா வீட்டை விற்றால் ஒரு பங்கு வரும். இன்னொருவருக்குத் திசை தலைகீழாக இருக்கலாம். வீட்டிலேயே முதல் பட்டதாரி, சம்பளம் வந்ததும் அம்மாவின் கரண்ட் பில், தம்பியின் காலேஜ் ஃபீஸ். குடும்பத்தில் முதலில் வேலைக்குப் போனவர் யாருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. கடன் பத்திரத்தில் இருவருக்கும் ஒரே எண்தான். ராத்திரி படுக்கும்போது அது ஒரே எண்ணாக இருக்காது.

இந்த இடைவெளி எப்படி வந்தது?

தானாக வரவில்லை. 1933-ல் அமெரிக்க அரசு உருவாக்கிய வீட்டுக் கடன் அமைப்பு ஒன்று, நகரங்களின் வரைபடங்களில் பகுதிவாரியாக நிறம் பூசியது. பச்சை என்றால் பாதுகாப்பான முதலீடு, சிவப்பு என்றால் ஆபத்து. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. 1968-ல் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வரும்வரை, வீடு வாங்கிச் சொத்து சேர்க்கும் வழி பல குடும்பங்களுக்கு இப்படி அடைக்கப்பட்டிருந்தது.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா? 2011-ல் கன்ட்ரிவைடு என்ற வீட்டுக் கடன் நிறுவனம் தொடர்பான வழக்கு 33.5 கோடி டாலர் இழப்பீட்டோடு முடிந்தது. 2,00,000-க்கும் மேற்பட்ட கறுப்பின, ஹிஸ்பானிக் கடன்தாரர்களிடம், அதே தகுதியுள்ள வெள்ளையினத்தவரைவிட அதிகக் கட்டணமோ வட்டியோ வசூலிக்கப்பட்டது என்பதுதான் அமெரிக்க நீதித் துறையின் குற்றச்சாட்டு. முன்பு கடன் மறுக்கப்பட்டது, பிறகு அதிக விலைக்கு விற்கப்பட்டது.

அந்தச் சிவப்புக் கோட்டின் நிழல் இதயத்திலும் விழுகிறது. 2022-ல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் இதழில் வந்த ஆய்வு, அன்று சிவப்பு பூசப்பட்ட பகுதிகளில் இன்றும் இதயத் தமனி நோய், பக்கவாதம், நாள்பட்ட சிறுநீரக நோய் ஆகியவை அதிகம் இருப்பதைக் காட்டியது. வரைபடம் போட்டு 80 ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது.

நோயே கடனாக மாறும்போது

அமெரிக்காவுக்கே உரிய இன்னொரு சிக்கல், மருத்துவக் கடன். ஆம்புலன்ஸில் ஏறினாலே பில் வரும் நாடு அது. 2017-ம் ஆண்டு நிலவரப்படி மருத்துவக் கடன் இருந்த குடும்பங்களை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தது. கறுப்பினக் குடும்பங்களில் 27.9 சதவீதம், ஹிஸ்பானிக் குடும்பங்களில் 21.7, வெள்ளையினக் குடும்பங்களில் 17.2, ஆசியக் குடும்பங்களில் 9.7 சதவீதம்.

இங்கே ஒரு சுழல் உருவாகிறது. நெஞ்சு வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறார், பில் கடனாகிறது. அந்தக் கடனுக்குப் பயந்து அடுத்த செக்-அப்பைத் தவிர்க்கிறார். ரத்த அழுத்தம் கவனிக்கப்படாமல் ஏறுகிறது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போவது இன்னும் பெரிய பில்லோடு முடிகிறது. கடனால் நோயா, நோயால் கடனா என்று பிரிக்க முடியாத அளவுக்கு இரண்டும் பின்னிக்கொள்கின்றன.

'ஜான் ஹென்றி' சொல்லும் பாடம்

நல்லா உழைச்சு கடனை அடைச்சா போச்சு, இதுல என்ன இருக்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கு 1970-களின் இறுதியிலேயே ஒரு பதில் கிடைத்தது.

ஷெர்மன் ஜேம்ஸ் என்ற நோய்ப்பரவலியல் ஆய்வாளர், வட கரோலினா மாநிலத்தில் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற கறுப்பின விவசாயியைச் சந்தித்தார். மார்ட்டின் 1907-ல் பிறந்தவர், படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. அவர் குடும்பம் வாரச் சாகுபடி செய்தது. நிலம் முதலாளியுடையது, விதையும் அரிசி பருப்பும் அவரிடமே கடன், அறுவடையில் கணக்கு பார்த்தால் பாக்கி விவசாயி தலையில்தான் நிற்கும். அடிமை முறை ஒழிந்த பிறகு தெற்கு மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்ட முறை அது. மார்ட்டின் அதிலிருந்து வெளியே வந்தார். 40 வயதில் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர்.

வெற்றிக் கதைதான். ஆனால் ஐம்பதுகளில் அவருக்கு உயர் ரத்த அழுத்தம், மூட்டு வாதம், வயிற்றின் 40 சதவீதத்தை வெட்டியெடுக்கும் அளவுக்கு வயிற்றுப் புண். நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்டு ஜெயித்து, சுத்தியலோடு விழுந்து இறந்த ஜான் ஹென்றி என்ற ரயில் பாதைத் தொழிலாளியின் கதை அமெரிக்க நாட்டுப்புறத்தில் பிரபலம். விவசாயியின் பெயரும் அதுவாகவே இருக்க, ஜேம்ஸ் தன் கருத்தாக்கத்துக்கு 'ஜான் ஹென்றியிசம்' என்று பெயர் வைத்தார். போதிய வசதிகள் இல்லாதவர், விடாப்பிடியான கடும் உழைப்பால் மட்டுமே நெருக்கடியை எதிர்த்து நிற்கும்போது, அதன் விலையை உடல் கட்டுகிறது என்பதே அதன் சாரம். கறுப்பினப் பெண்களின் உடல்நலத்தை ஆராய்ந்த ஆர்லின் ஜெரோனிமஸ், 1992-ல் இதையொட்டிய இன்னொரு கருத்தை வைத்தார். தொடர்ந்து ஒதுக்கப்படும் வாழ்க்கை உடலை முன்கூட்டியே மூப்படையச் செய்கிறது, வெயிலிலும் மழையிலும் நிற்கும் சுவர் அரிப்பதைப் போல.

கடனைத் தள்ளுபடி செய்தால் சரியாகிவிடுமா?

ஆசைப்பட்ட அளவுக்கு எளிதான பதில் இல்லை. அமெரிக்காவில் 83,400 பேரின் 16.9 கோடி டாலர் மருத்துவக் கடனை வாங்கித் தள்ளுபடி செய்து, அதன் விளைவை அளந்தார்கள் பொருளாதார நிபுணர்கள். 2024-ல் வெளியான முடிவில், சராசரியாகப் பார்த்தால் மன நலத்திலோ பண நிலைமையிலோ முன்னேற்றம் தெரியவில்லை. அந்தக் கடன்கள் வசூல் ஏஜென்சி கைக்குப் போய்ப் பழையதாகிப்போனவை. நோயாளியை அவை படுத்தவேண்டிய பாடெல்லாம் படுத்தி முடித்த பிறகு வந்த நிவாரணம் அது.

மாறாக, சிங்கப்பூரில் நீண்டகாலக் கடனில் சிக்கிய 196 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2019-ல் வேறு முடிவைச் சொன்னது. கடன் நிவாரணம் கிடைத்த பிறகு அவர்களின் பதற்றம் குறைந்தது, யோசித்து முடிவெடுக்கும் திறனும் மேம்பட்டது. அடைக்கப்பட்ட தொகையைவிட, எத்தனை கடன் கணக்குகள் முழுசாக மூடப்பட்டன என்பது முக்கியமாக இருந்தது. ஐந்து இடத்தில் பாக்கி வைத்திருப்பவருக்கு, மூன்று இடம் ஒழிந்தாலே மூச்சு விட முடிகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுவான பாடம் உண்டு. எப்போது, எந்தக் கடனை, எவ்வளவு முழுமையாக நீக்குகிறோம் என்பதைப் பொறுத்தே பலன். வட கரோலினா 2024-ல் எடுத்த முடிவு அந்தத் திசையில் ஒரு முயற்சி. சுமார் 20 லட்சம் பேரின் 400 கோடி டாலர் மருத்துவக் கடனை நீக்குவதோடு, இனி வரும் குறைந்த வருமான நோயாளிகளுக்கு பில்லிலேயே சலுகை தர வேண்டும் என்ற திட்டத்தில், மாநிலத்தின் தகுதியுள்ள 99 மருத்துவமனைகளும் கையெழுத்திட்டன.

தேசிய அளவில் காற்று வேறு திசையில் வீசுகிறது. கல்விக் கடனில் 10,000 முதல் 20,000 டாலர் வரை தள்ளுபடி செய்யும் பைடன் அரசின் திட்டத்தை 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மருத்துவக் கடனை கிரெடிட் அறிக்கையிலிருந்தே நீக்கும் விதி 2025 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தது.

இந்த ஆய்வுகளை எப்படிப் படிக்க வேண்டும்?

மேலே சொன்ன பெரும்பாலான ஆய்வுகள், மக்களைப் பின்தொடர்ந்து கவனித்தவை. கடன்தான் காரணம் என்று நிரூபித்தவை அல்ல. உடம்பு சரியில்லாததால் வேலை போய், அதனால் கடன் வந்திருக்கலாம். ஜாக்சன் ஆய்வு அளந்தது பண நெருக்கடியால் வரும் மன அழுத்தத்தை, கடன் தொகையை அல்ல. அதில் இருந்தவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர் என்பதால், அந்த ஓர் ஆய்வை வைத்து இன ஒப்பீடு செய்யவும் முடியாது. ஆனால் ரத்த அழுத்தம், அழற்சி, தூக்கம், மாரடைப்பு என்று தனித்தனி வழிகளில் தேடியவர்கள் ஒரே திசையைக் காட்டும்போது, அதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கஷ்டம்.

தெற்காசியர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் சீனர், கொரியர், தமிழர் எல்லோரும் அடக்கம். சொத்து அதிகம், மருத்துவக் கடன் குறைவு என்று அந்தக் கட்டம் நன்றாகவே தெரியும். ஆனால் சராசரி பலதையும் மறைக்கும். அமெரிக்க இதய சங்கத்தின் 2018 அறிக்கைப்படி, அங்கே வாழும் தெற்காசியர்களுக்கு இதயத் தமனி நோயால் ஏற்படும் மரணம் பிற ஆசியர்களைவிட அதிகம். தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53, பிற நாடுகளில் கிட்டத்தட்ட 59 என்று 2007-ல் வெளியான ஆய்வு சொன்னது.

அந்தக் கணக்கு வந்தது 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்விலிருந்து. இந்தியாவும் அதில் உண்டு. கடுமையான பண நெருக்கடி இருந்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்று 2004-லேயே சொன்னதும் அந்த ஆய்வுதான். எனவே, வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து அமெரிக்கா போன மாணவருக்கும், இங்கே மூன்று ஆப்களில் லோன் ஓடும் ஐடி ஊழியருக்கும் இந்தச் செய்தி வெகு தூரத்தில் இல்லை.

அப்போ என்ன செய்யலாம்?

கடன் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது, பயந்து பார்க்காமல் விட்ட எண்களை ஒரே காகிதத்தில் எழுதுவது. எந்தக் கடனுக்கு என்ன வட்டி, எது சொத்தாக வளர்கிறது, எது வெறும் வட்டியாகக் கரைகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். அதிக வட்டிச் சிறு கடன்களை ஒவ்வொன்றாக முழுசாக மூடுவது பணத்துக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

தவணை கட்டுவதற்காக ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் டாக்டரிடம் அதைக் கூச்சப்படாமல் சொன்னால், விலை குறைந்த மாற்று மருந்து எழுதித்தர முடியும். முப்பது வயதுக்குக் கீழேதானே என்று நினைக்காமல், ஆண்டுக்கு ஒரு தடவையாவது ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளலாம். நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் டென்ஷன்தான் என்று சொல்லிக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆனால் தனிமனிதர் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. ஜான் ஹென்றி மார்ட்டின் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தவர். அவருக்குக் குறைவாக இருந்தது உழைப்பு இல்லை. நூறு டாலருக்கு 15 டாலர் கட்டணம் வாங்க அனுமதிக்கும் சட்டமும், ஒரே தகுதிக்கு இரண்டு வட்டி போடும் வங்கியும், நெஞ்சு வலிக்கு வந்தவர் கையில் கடன் சீட்டைக் கொடுத்தனுப்பும் மருத்துவமனையும் இருக்கும்வரை, 'டென்ஷனைக் குறைங்க' என்று டாக்டர் எழுதித்தரும் ஆலோசனை சிலருக்கு மட்டுமே வேலை செய்யும்.